தூங்குகிறார் என்று வைத்துக்கொண்டோம்

நம் வயதுக்காரர்களுக்கு மாத்திரை போடுவது ஒரு வேலை, போட்டோமா இல்லையா என்று யோசிப்பது இன்னொரு வேலை. எனக்கு இவை போதாதென்று மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. மந்தாரக்குப்பத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் கோச்சிங் சென்டர் நடக்கிறது. அங்கே ரீசனிங் வகுப்பு எடுக்கிறேன். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒத்துக்கொண்டது. இப்போது விடவும் மனசில்லை, தொடரவும் தெம்பில்லை. மாடிப்படி முடிவதற்குள் முட்டி இரண்டும் முனக ஆரம்பித்துவிடுகின்றன.

பேங்க் பரீட்சைக்கும் ரயில்வே பரீட்சைக்கும் படிக்கிற பிள்ளைகள். போன வாரம் அவர்களுக்கு ‘கூற்றும் ஊகமும்’ பகுதி. வீட்டில் பேரப்பிள்ளைகள் படித்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் சொன்ன வாக்கியத்தைக் கொடுப்பார்கள். அவர் வாய்விட்டுச் சொல்லாமல், ஆனால் உண்மை என்று எடுத்துக்கொண்டு பேசியது எது என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். ‘மழை வரும்போல இருக்கு, சீக்கிரம் கிளம்பு’ என்று ஒருவர் சொன்னால், மழைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது அவர் சொல்லாமல் விட்டது. பார்க்கச் சுலபம். பாதிப் பேருக்கு மார்க் போவது இதில்தான்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எந்த ஊகத்தின் மேல் சந்தேகமோ அதை மறுத்துப் பார்க்க வேண்டும். மறுத்த பிறகும் வாதம் நின்றால் அந்த ஊகம் அதற்குத் தேவையில்லை. வாதம் விழுந்துவிட்டால் அதுதான் விடை. இதை நான் எத்தனை வருஷமாகச் சொல்கிறேனோ தெரியாது. பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு, ‘மேடம், ஷார்ட்கட் ஏதாச்சும் இருக்கா?’ என்பார்கள்.

அன்றைக்கு போர்டில் ஒரு கேள்வி எழுதினேன். ஓர் அறை வாசலில் ‘உள்ளே தேர்வு நடக்கிறது, பேசாதீர்கள்’ என்று அட்டை தொங்குகிறது. அதைப் பார்த்து ஒருவர் பேச்சை நிறுத்துகிறார். அவர் எதை உண்மை என்று வைத்துக்கொண்டு நிறுத்தினார்? கீழே நான்கு விடைகள். கடைசி பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

“இதுல அசம்ப்ஷனே இல்ல மேடம். பரீட்சை நடக்குதுனு அவங்களே எழுதித் தொங்கவிட்டிருக்காங்களே.”

“பரீட்சை முடிஞ்சிருந்தா?”

“முடிஞ்சா அட்டைய எடுத்துடுவாங்க மேடம்.”

அவள் அதைச் சொன்ன உறுதியைப் பார்த்து நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முட்டிவலி என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு மார்கழி மாதமும், அடுத்த வீட்டு கேட்டில் தொங்கிய ஒரு பச்சைத் துண்டும் நினைவுக்கு வந்திருந்தன. உங்களில் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்த கதைதான். மீதியை நான் இதுவரை யாரிடமும் சேர்த்துச் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயசு இருக்கலாம். எங்கள் வரிசையில் எல்லா வீடும் ஒரே அச்சு. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, நடுச்சுவர் அடுத்த வீட்டோடு பொது. அவர்கள் தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். காலையில் துவைத்துப் போட்ட வெள்ளைச் சட்டையில் மத்தியானம் கரித்தூள் படிந்திருக்கும். அம்மா அதை உதறி உதறியே தோள்வலிக்காரி ஆனாள். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் தண்ணீரையும் ரோட்டையும் மரங்களையும் பார்த்து வாயைப் பிளப்பார்கள். சட்டையை அவர்கள் பார்ப்பதில்லை.

சங்கு ஊதுவதை வைத்துத்தான் வீட்டில் உலை வைப்பார்கள். அப்பாக்கள் காலை ஷிப்ட், மதிய ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று மாறி மாறிப் போனார்கள். எந்த வாரம் எந்த வீட்டுக்காரர் நைட் என்பது வரிசையில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் மனப்பாடம். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர் பகலில் தூங்கியாக வேண்டும். தூங்காமல் மறுபடி மெஷின் பக்கம் போனால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் எங்கள் வரிசையில் ஒரு பழக்கம் இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்தவர், படுக்கப் போகும்முன் வாசல் கேட்டில் ஒரு துண்டைப் போடுவார். எழுந்ததும் எடுத்துவிடுவார். துண்டு தொங்குகிற வரைக்கும் அந்த வீட்டுக் கதவை யாரும் தட்டக்கூடாது, பக்கத்தில் யாரும் சத்தம் போடக்கூடாது.

நாங்கள் சத்தமில்லாமல் கிரிக்கெட் விளையாடினோம் என்றால் நம்புவீர்களா? அவுட் என்றால் இரண்டு கையையும் தூக்க வேண்டும். இல்லை என்று சாதிக்கிறவன் தலையை ஆட்டுவான். சண்டை வந்தால் வாயை மூடிக்கொண்டே சட்டையைப் பிடித்து உருளுவோம். மீன்காரம்மா எங்கள் தெருமுனையில் கூவுவதை நிறுத்திவிடுவாள். மந்தாரக்குப்பத்திலிருந்து சைக்கிளில் துணி கொண்டுவரும் பாய், துண்டைப் பார்த்ததும் மணியிலிருந்து கையை எடுத்துவிடுவார். எதிர்வீட்டம்மா உரலில் எதையும் இடிக்காமல் மத்தியானம் வரை காத்திருப்பாள். “எங்க வரிசையில குண்டூசி விழுந்தா கேக்கும்” என்று அம்மா ஊரில் போய்ப் பெருமை அடிப்பாள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை.

அடுத்த வீட்டு மாமா சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஆள். மைன்ஸில் வேலை. எங்கள் வரிசையிலேயே சத்தமான மனிதர் அவர்தான். வார லீவில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்கள் ஆட்டத்துக்கு அம்பயராக இருப்பார். “அவுட்டுலாம் இல்ல, நீ ஆடுறா!” என்று அவர் கத்தினால் தெருக்கோடி வரை கேட்கும். பெண்பிள்ளைகளுக்கு மட்டும் இரண்டு தடவை அவுட் ஆனால்தான் அவுட் என்று ஒரு சட்டம் வைத்திருந்தார். அதனால் எனக்கு அவரைப் பிடிக்கும். கல்யாணமாகி ரொம்ப வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, அந்த வருஷம்தான் அத்தை உண்டாகியிருந்தாள். அவளைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு மாமா தனியாக இருந்தார். சாப்பாடு கேன்டீனில்.

“லீவு போட்டுட்டு நீங்களும் போக வேண்டியதுதானே அண்ணே?” என்று அம்மா கேட்டாள்.

“இப்பப் போயி என்னா பண்றதும்மா? இருக்கற லீவையெல்லாம் சேத்து வச்சிக்கினு இருக்கேன். புள்ள பொறந்துதுனு சேதி வந்ததும் ஒரேயடியா போட்டுட்டுப் போறேன். போனா ஒரு மாசம் இந்தப் பக்கம் தல வச்சிப் படுக்க மாட்டேன்.”

இதை அவர் எங்களிடம் மட்டும் சொல்லவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

அரையாண்டுப் பரீட்சை லீவு. மார்கழிக் குளிர். விடிந்து வெகுநேரம் வரை பனியும் புகையுமாகத் தெரு தெரியாது. எல்லா வீட்டு ஜன்னலும் சாத்தியிருக்கும். அந்த வாரம் மாமாவுக்கு நைட் ஷிப்ட். ஒரு நாள் காலையில் அவர் வந்து கேட்டைத் திறந்த சத்தம் கேட்டது. அம்மா கோலத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது துண்டு தொங்கியது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

அன்றைக்குப் பகல் முழுக்க நாங்கள் அமைதியாக விளையாடினோம். நடுவில் ஒருத்தன் ‘அவுட்’ என்று வாய்தவறிக் கத்திவிட்டான். அம்மா வாசலுக்கு வந்து, “கத்தாதீங்க, மாமா தூங்குறாரு!” என்று அதட்டினாள். அதட்டலே அவனுடைய கத்தலைவிடச் சத்தம். மத்தியானத்துக்கு மேலும் துண்டு தொங்கியது. “அலுப்பா இருக்கும், இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்” என்றாள் எதிர்வீட்டம்மா. சாயங்காலம் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதற்கப்புறம் அவர் ஷிப்ட் பஸ் ஏறினாரா என்று யாரும் பார்க்கவில்லை. ஏறாமல் இருப்பார் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

மறுநாள் காலையில் துண்டு தொங்கியது. “பாவம் மனுசன், பொண்டாட்டி ஊர்ல இல்லாட்டியும் ஒழுங்கு தவறல பாரு” என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார். நாங்கள் மறுபடி வாயை மூடிக்கொண்டு விளையாடப் போனோம்.

மத்தியானம் நெருங்கும்போது அத்தையின் தங்கை வந்தாள். கல்யாணமாகாத பெண், கையில் ஒரு கூடை, தெருமுனையிலேயே முகமெல்லாம் சிரிப்பு. நேராகப் போய் மாமா வீட்டு கேட்டில் கைவைத்தாள். எதிர்வீட்டம்மா அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தாள், எங்கள் அம்மா இந்தப் பக்கத்திலிருந்து ஓடினாள்.

“தட்டாதம்மா, தட்டாத! தூங்குறாரு.”

“எழுப்பத்தாங்க வந்தேன். எங்கக்காவுக்குக் கொழந்த பொறந்திருக்குதுங்க. பொண்ணு!”

இரண்டு பேரும் வாயெல்லாம் பல்லாக அவள் கன்னத்தைத் தடவினார்கள். ஆனால் கேட்டை விடவில்லை. “எவ்ளோ நல்ல சேதி! ஆனா நைட் ஷிப்டு பாத்துட்டு வந்திருக்காரும்மா. இன்னும் செத்த நேரத்துல எழுந்துடுவாரு. நீ வா, எங்க வீட்டுல உக்காரு, காபி குடி” என்று அம்மா அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவளும் வந்து உட்கார்ந்தாள். காபி குடித்தாள். குழந்தையின் நிறம், முடி, யார் ஜாடை எல்லாவற்றையும் மெதுவான குரலில் அம்மா கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் மாமா இருக்கிறாரே என்ற மரியாதை. அந்த உட்காரலைத்தான் அம்மாவால் சாகும்வரை மறக்க முடியவில்லை.

அந்தப் பெண் பெரிய அறிவாளி என்று நான் சொல்லமாட்டேன். அவளுக்கு பஸ் அவசரம், அவ்வளவுதான். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று எழுந்தாள்.

“இல்லீங்க, வடலூர் போயி பஸ் மாறணும். இருட்டறதுக்குள்ள வூடு போயி சேரணும். சொல்லிட்டுக் கெளம்பறேன்.”

எதிர்வீட்டம்மா வாசலிலேயே மறித்தாள். “ஏம்மா, சொன்னா புரியாதா? துண்டு தொங்குது பாரு.”

“துண்டு தொங்குனா என்னாங்க? எங்க ஊர்ல காயப் போட்டாகூடத்தான் தொங்கும்.”

சொல்லிவிட்டு மாமா வீட்டு கேட்டைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைப் படபடவென்று தட்டினாள். “மாமா! மாமோவ்!” வரிசையில் இருந்த எல்லாக் கதவும் திறந்தன. எல்லார் முகத்திலும் கோபம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அந்த நிமிஷத்தில் நாங்கள் எல்லாரும் அவள் மேல்தான் கோபமாக இருந்தோம். பதில் வரவில்லை. அவள் ஜன்னல் கதவைத் தள்ளி, கையை விட்டுத் திரையை ஒதுக்கினாள். அப்புறம் அவள் போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

மதிய ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆம்பிளைகள் கதவை உடைத்தார்கள். மாமா முன்னறையில் சிமென்ட் தரையில் கிடந்தார். முந்தின நாள் காலையில் போட்டுக்கொண்டு வந்த காக்கி அப்படியே இருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் எங்களைப் பார்த்தது. அம்மா என் முகத்தைப் புடவையால் மூடினாள்.

உயிர் பிழைத்தார். ஆனால் வலதுகையும் காலும் போய்விட்டன. முதல் நாளே கொண்டுவந்திருந்தால் கையாவது மிஞ்சியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக அப்பா அம்மாவிடம் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

அப்புறம் பெரியவர்கள் காரணம் தேட ஆரம்பித்தார்கள். இந்த நேரத்தில் புருஷனைத் தனியாக விட்டுப் போகலாமா என்று அத்தையைச் சொன்னார்கள். அவள் போனது பிரசவத்துக்கு. ரகசியமாகக் குடித்திருப்பார் என்று ஒருவர் சொன்னார். மாமா சோடாகூடக் குடிக்காதவர். அவர் ஷிப்ட்டுக்கு வராததை ஏன் யாரும் விசாரிக்கவில்லை என்று அப்பா அவருடைய கூட்டாளியைக் கேட்டார். “புள்ள பொறந்துதுனு சேதி வந்திருக்கும், ஊருக்குப் போயிருப்பாருனு நெனச்சிக்கினோங்க. அவர்தான் சொல்லிக்கினே இருந்தாரே” என்றார் அவர். அங்கே மைன்ஸில், ஊருக்குப் போயிருக்கிறார் என்று வைத்துக்கொண்டார்கள். இங்கே வீட்டில் தூங்குகிறார் என்று வைத்துக்கொண்டோம். இரண்டு இடத்திலும் அவர் மேல் பிரியமானவர்கள்தான் இருந்தார்கள்.

அந்த மாதத்தோடு கேட்டில் துண்டு போடுகிற பழக்கம் நின்றுபோனது. யாரும் பேசி முடிவெடுக்கவில்லை. அம்மாவுக்கு வேறொரு வியாதி பிடித்துக்கொண்டது. அப்பா நைட் ஷிப்ட் முடிந்து தூங்கும்போது மணிக்கொரு தரம் போய், “தூங்குறீங்களா?” என்று உலுக்கி எழுப்பிக் கேட்பாள். அப்பா முதலில் கத்தினார், பிறகு படுத்தபடியே “ம்” சொல்லப் பழகிக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகும் தூக்கத்தில் “ம்” சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. துண்டு தொங்குகிறது, ஆகவே தூங்குகிறார். எங்கள் வரிசையே நம்பிய வாதம் இது. இதில் சொல்லாமல் விட்டது எது? எழுந்தால் எடுத்துவிடுவார் என்பதா? அது சொல்லப்பட்ட விதி, எல்லாருக்கும் தெரியும். சொல்லாமல் விட்டது அதற்கும் அடியில் இருந்தது. கண் விழித்தவரால் எழுந்து கேட் வரைக்கும் நடந்து வர முடியும் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதை மறுத்துப் பாருங்கள். அப்புறம் துண்டு வெறும் துண்டு, அந்தப் பெண் சொன்ன மாதிரி காயப் போட்டதாகவும் இருக்கலாம். போர்டில் இதைச் செய்ய அரை நிமிஷம் ஆகாது. வரிசையில் அத்தனை பெரியவர்கள் இருந்தும் அது தோன்றவில்லை. ஏனென்றால் தோன்றினால் போய்த் தட்ட வேண்டும். தட்டி, அவர் தூங்கிக்கொண்டு இருந்துவிட்டால் கெட்ட பெயர். நல்ல பழக்கம் ஒன்று இருந்தால் யோசிக்கிற வேலை மிச்சம், இல்லையா? இதை நான் வகுப்பில் சொல்லவில்லை. “ரெண்டாவது விடைதான் சரி, குறிச்சுக்கோங்க” என்று மட்டும் சொன்னேன். பரீட்சைக்கு அது போதும். எனக்கும் அதற்கு மேல் பேசத் தெம்பில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. சில மாதம் கழித்து, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியெல்லாம் முடிந்து மாமாவைக் கூட்டி வந்தார்கள். இனி வேலைக்குப் போக முடியாது என்று ஆகிவிட்டது. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். அத்தை, கைக்குழந்தையோடு சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். அத்தனை மாதமும் நடுச்சுவருக்கு இந்தப் பக்கத்திலேயே இருந்து அழுதவள், அன்றைக்குத்தான் மறுபடி மாமாவின் முகத்தைப் பார்த்தாள்.

அவர் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்க வேண்டும்.

“நீங்க தூங்குறீங்கன்னுதான் அண்ணே நெனச்சோம்” என்று சொன்னதும் அம்மா அழுதுவிட்டாள்.

“தெரியும்மா” என்றார் மாமா. “கேட்டுக்கினுதான் இருந்தேன்.”

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்தாள்.

“நீங்க புள்ளைங்கள அதட்டுனது கேட்டுது. கத்தாதீங்க, மாமா தூங்குறாருனு.” மூச்சு வாங்கினார். “கூப்ட்டுப் பாத்தேன். கொரல் வரல. நம்ம புள்ளைங்க எதுவாச்சும் ஒண்ணு கத்தக் கூடாதானு கெடந்தேன். சத்தமே இல்லாம இருந்துதா... நாமதான் செத்துட்டமோனு நெனச்சிக்கினேன்.”

அம்மாவின் முகத்தைப் பார்த்து மாமாவே பதறிப்போனார். “நீங்க நல்லதுதாம்மா பண்ணீங்க. எனக்குத் தெரியாதா?” என்றார். அவர் திட்டியிருந்தால் அம்மா இன்னும் கொஞ்ச நாள் நன்றாகத் தூங்கியிருப்பாள்.

அப்போது உள்ளறையில் தூளியில் கிடந்த குழந்தை எழுந்துகொண்டு வீரிட்டது. அத்தை ஓடிப்போய்த் தூக்கி வந்து தோளில் போட்டுத் தட்டினாள். “ஷ்ஷ், அப்பா இருக்காரு, அழக் கூடாது” என்றாள். அம்மாவும் தன்னை மறந்து உதட்டில் விரல் வைத்து “ஷ்ஷ்” என்றாள். நானும் வைத்தேன். எங்கள் வரிசைக்காரர்களுக்கு அது கையோடு வந்தது.

மாமா இடதுகையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். ஒரு தடவை தட்டி எங்களுக்குப் புரியாமல் மறுபடி தட்டினார்.

“உடுங்க” என்றார். “அழட்டும்.”

அத்தை தட்டுவதை நிறுத்தினாள். குழந்தை முகம் சிவக்கச் சிவக்க அழுதது. அந்தச் சின்ன அறை முழுக்க அந்தச் சத்தம்தான். யாரும் அதட்டவில்லை. மாமா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.